பட்டியலில் இல்லாத பழம்

தடாலென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து எவர்சில்வர் வாளி உருண்டு சுவரில் மோதியது. அடுப்பிலிருந்து பாலை இறக்கிக்கொண்டிருந்த தங்கமணி, பாத்திரத்தை மேடையில் வைத்தாளோ போட்டாளோ, குளியலறைப் பக்கம் ஓடினாள்.

கதவு திறந்துதான் கிடந்தது. வைத்தியலிங்கம் ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். கண் திறந்திருந்தது. ஆனால் அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை. நேற்று மத்தியானம் பிடித்த விக்கல் இன்னும் விடவில்லை. நாலு மூச்சுக்கு ஒரு தரம் அது அந்த மெலிந்த உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

“என்னங்க... இங்க பாருங்க. நான் யாரு?”

அவர் யோசித்தார். இருபத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளை யாரென்று யோசித்தார்.

“மழை வருது,” என்றார். “நெல்ல மூடச் சொல்லு.”

மழை இல்லை. புரட்டாசி வெயில் காலை ஏழு மணிக்கே வாசலில் சுள்ளென்று இறங்கியிருந்தது. மூடுவதற்கு நெல்லும் இல்லை. வயலைக் குத்தகைக்கு விட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

தங்கமணியின் மனதில் முதலில் வந்து நின்றது ஒரே ஒரு சொல்தான்: பொட்டாசியம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைத்தியலிங்கத்தின் இரண்டு சிறுநீரகமும் சொல்லி வைத்தாற்போல் கைவிரித்துவிட்டன. அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் தஞ்சாவூருக்குப் போய் நாலு மணி நேரம் டயாலிசிஸ். முதல் நாளே ஆஸ்பத்திரியில் ஒரு பெண் உட்காரவைத்து ஒரு பட்டியல் கொடுத்தாள். எந்தப் பழம் ஆகும், எது ஆகாது. வாழை, சாத்துக்குடி, சப்போட்டா, மாம்பழம், பலா, பேரீச்சை, இளநீர் எல்லாம் ஆகாது. ஆப்பிள் ஒரு துண்டு, அன்னாசி ஒரு வளையம், பப்பாளி இரண்டு கீற்று ஆகும். “கிட்னி பொட்டாசியத்த வெளிய தள்ளாதும்மா. ஏறிக்கிட்டே போயி ஒருநாள் இருதயத்த நிறுத்திடும்,” என்றாள் அந்தப் பெண். தங்கமணி அந்தப் பட்டியலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஒரு வாரத்தில் அது மனப்பாடம்.

ஆனால் பட்டியல் இருந்தால் போதுமா? ஊர் இருக்கிறதே. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவதைப் போல ஒரு பாவம் அந்தப் பக்கத்தில் கிடையாது. வருகிறவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. பைக்குள் ஒரு சீப்புப் பூவன், அரை டஜன் சாத்துக்குடி. வாழைப்பழம் மலத்தை இளக்கும், சாத்துக்குடி நாவுக்கு ருசி தரும், சப்போட்டா சோர்ந்த உடம்பைத் தூக்கி நிறுத்தும், பேரீச்சை தின்றால் ரத்தம் ஊறும். நாலு பேர் நாலு விதமாகச் சொல்லிவிட்டுத்தான் பையை நீட்டுவார்கள். எல்லாம் உண்மைதான், உடம்பு நல்லபடி இருக்கிறவனுக்கு. வைத்தியலிங்கத்துக்கு அந்தச் சத்துதான் எமன்.

அதனால் தங்கமணி வாசலிலேயே நின்றாள். சிரித்துக்கொண்டே பையை வாங்குவாள். விருந்தாளி தெரு திரும்பியதும் பை அங்கன்வாடிக்குப் போய்விடும். அங்கன்வாடிப் பிள்ளைகள் இரண்டு வருஷமாக வைத்தியலிங்கத்தின் புண்ணியத்தில் கன்னம் உப்பித் திரிந்தன. சொந்தக்காரர்கள் அவளுக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். பொட்டாசியம் தங்கமணி.

அந்தப் பெயரை வைத்தவள் யாரோ இல்லை. வைத்தியலிங்கத்தின் ஒரே தங்கை குந்தவை. நாகப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள். முந்தாநாள் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பூவன் தாரோடும் ஒரு டப்பா பேரீச்சையோடும் வந்து இறங்கியிருந்தாள். “எங்க அண்ணனுக்கு ஒரு பழம் குடுக்க நான் விசா வாங்கணும் போலருக்கே அண்ணி,” என்று அன்றைக்கே ஆரம்பித்தாள்.

இப்போது அந்தக் குந்தவை கொண்டை அவிழ ஓடிவந்தாள். “ஐயோ, அண்ணே!”

“காலைப் புடி,” என்றாள் தங்கமணி.

எதிர்வீட்டுக் காதர் மைதீனின் ஆம்னி வேன் பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வந்தது. பின் சீட்டில் வைத்தியலிங்கத்தைக் கிடத்தித் தலையைத் தங்கமணி மடியில் வைத்துக்கொண்டாள். விக்கல் வரும்போதெல்லாம் தலை அவள் மடியில் துள்ளியது. வேன் பாபநாசம் ரோட்டில் ஏறியதும் அவள் கேட்டாள்.

“என்ன குடுத்தே?”

“என்ன அண்ணி?”

“உங்கண்ணனுக்கு என்ன குடுத்தே குந்தவை? பழமா? எத்தனை?”

“நான் ஒண்ணும் குடுக்கல.”

“என் கண்ணப் பாத்துச் சொல்லு. டாக்டர் கேப்பாரு. என்னன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம் பாக்க முடியும். உன்னை அடிக்கவா போறேன்? சொல்லு.”

குந்தவை ஜன்னலைப் பார்த்தாள். ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஓர் அறுவடை மெஷின் யானை மாதிரி அசைந்து வந்தது. காதர் மைதீன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். மெஷின்காரன் ஒதுங்குவதாக இல்லை.

“பேரீச்சம்பழம்,” என்றாள் குந்தவை. “ரெண்டே ரெண்டு. நேத்து ராத்திரி படுக்கும்போது. அண்ணன் கேக்கல. நானாத்தான் வாயில வச்சேன்.”

அவ்வளவுதான். இரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் தங்கமணியின் வாயில் வந்து விழுந்தது.

“நாகப்பட்டினத்துலேருந்து பஸ் ஏறி வந்தது இதுக்குத்தானா? காயை வெட்டி வெந்நீர்ல ஊறவச்சு, வடிச்சு, சக்கையாப் போடுறேனே, எதுக்கு? தண்ணிய மில்லி மில்லியா அளக்குறேனே, எதுக்கு? நீ ரெண்டு நாளைக்கு வந்து பாசத்தக் காட்டிட்டுப் போயிடுவே. தாலி என் கழுத்துலல்ல இருக்கு.”

“நேத்து மத்தியானமே விக்கல் இருந்துச்சே அண்ணி. நான் குடுத்தது ராத்திரி.”

“பேசாத. வாயத் தெறந்தா இப்பவே எறக்கி விட்டுருவேன்.”

காதர் மைதீன் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தான். பிறகு வண்டியை ஒடித்து, காயப் போட்ட நெல்லின் மேலேயே ஏற்றினான். நெல்லுக்குக் காவல் இருந்தவன் கம்பைத் தூக்கிக்கொண்டு கத்தினான். “திரும்பி வரயில வாங்கிக்கிறேண்ணே உன் அடிய,” என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுக் காதர் மைதீன் மிதித்தான்.

ஆஸ்பத்திரியில் காலை நேர டாக்டர் மீசை கூடச் சரியாக முளைக்காத பையனைப் போலிருந்தார். “பேரீச்சம்பழம் சார். ரெண்டு. இவதான் குடுத்தா,” என்று தங்கமணி எல்லோர் முன்னாலும் விரலை நீட்டினாள். குந்தவை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

இருதயத்தின் ஓட்டத்தைப் படம் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். விக்கலுக்கு ஊசி போட்டார்கள். விக்கல் அந்த ஊசியை மதிக்கவே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் ஒரு சீட்டோடு வந்தார்.

“பொட்டாசியம் அஞ்சு புள்ளி ரெண்டும்மா. டயாலிசிஸுக்கு முந்தின நாள் இவருக்கு எப்பவும் இருக்கறதுதான். இருதயமும் ஒழுங்கா ஓடுது. இது பேரீச்சம்பழத்தால வந்தது இல்ல.”

“அப்ப என்ன சார்?”

“அதான் தெரியல. தலைய ஸ்கேன் எடுத்துப் பாப்போம்.”

பொட்டாசியம் என்றால் தங்கமணிக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அதனோடு மல்லுக்கட்டி நின்றவள். இது முகம் தெரியாத எதிரி. ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்பு இல்லை, கட்டி இல்லை. ஒன்றுமே இல்லை என்றார்கள். ஒன்றுமே இல்லாதவர் கட்டிலில் கிடந்து, இல்லாத நெல்லை மூடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு வலது கை தானாகவே வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. பிறகு பேச்சும் நின்றது. விக்கல் மட்டும் நிற்கவில்லை.

தங்கமணி நர்ஸின் பின்னால் ஓடினாள். காலை நேர டாக்டரின் பின்னால் ஓடினாள். யாரைக் கேட்டாலும் “அனீஸா மேடம் வரட்டும்” என்ற ஒரே பதில்தான். கூத்தாநல்லூர்க்காரியான டாக்டர் அனீஸா அங்கே சிறுநீரக டாக்டர். பத்தரை மணிக்கு வந்தவர் நேராகக் கட்டிலுக்குப் போனார். இமையைத் தூக்கிப் பார்த்தார். இழுக்கும் கையைப் பிடித்துப் பார்த்தார். விக்கலைக் காது கொடுத்துக் கேட்டார்.

“விக்கல் எப்பலேருந்து?”

“நேத்து மத்தியானத்துலேருந்து மேடம்.”

“என்ன சாப்பிட்டாரு?”

“தப்பா ஒண்ணும் குடுக்கல மேடம். இவதான் ரெண்டு பேரீச்சம்பழம்...”

“தப்பாக் குடுத்தத நான் கேக்கலம்மா. குடுத்தது எல்லாத்தையும் கேக்குறேன். வெள்ளிக்கெழமை இங்கேருந்து போனதுலேருந்து வாய்க்குள்ள போனது ஒவ்வொண்ணும் வேணும்.”

கேட்டது தங்கமணியிடம் அல்லவா? கிராம் கணக்கில் சொன்னாள். வெள்ளி ராத்திரி இரண்டு இட்லி, சாம்பார் கிடையாது. சனி காலை உப்பில்லாத ரவைக் கஞ்சி. மத்தியானம் வடித்த சோறு, ஊறவைத்து வடித்த புடலங்காய். டாக்டரின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

“பதினோரு மணிக்கு ஜூஸ். நூத்தம்பது மில்லி. தண்ணிக் கணக்குல கழிச்சிட்டேன்.”

“என்ன ஜூஸ்?”

“ஸ்டார் பழம் மேடம். அஞ்சு மூலையா இருக்குமே, மஞ்சளா, அது. எங்க கொல்லையிலயே காய்க்குது. பட்டியல்ல ஆகாதுன்னு போடல. இருந்தாலும் போன்ல பாத்துட்டுத்தான் குடுத்தேன். வாழைப்பழத்துல பாதி கூடப் பொட்டாசியம் இல்ல. சர்க்கரையும் கம்மி. வைட்டமின் சி நெறைய...”

பேனா நின்றுவிட்டது.

“ஒரு டம்ளருக்கு எத்தனை பழம்?”

“நாலு.”

“எத்தனை டம்ளர் குடுத்தீங்க?”

“சனிக்கெழமை ஒண்ணு. ஞாயித்துக்கெழமை ஒண்ணு.” சொல்லும்போதே தங்கமணியின் குரல் தேய்ந்தது. “ஏன் மேடம்?”

டாக்டர் அனீஸா வராந்தாவைப் பார்த்து, “சிஸ்டர், மெஷின் எது காலியா இருக்கு? இப்பவே வேணும்,” என்று குரல் கொடுத்தார். அதன் பிறகுதான் திரும்பினார்.

“நல்ல கிட்னி உள்ளவங்களுக்கு அது நல்ல பழம்தாம்மா. ஆனா அதுல மூளையைத் தாக்குற ஒரு விஷச்சத்து இருக்கு. நமக்கெல்லாம் கிட்னி அத வெளிய அனுப்பிடும். இவருக்கு அனுப்ப ஆள் இல்ல. மொதல்ல விக்கல், அப்புறம் மனத் தடுமாற்றம், அப்புறம் இழுப்பு. மெஷின்ல போட்டு ரத்தத்த அலசுறத தவிர வேற மருந்து கிடையாது.”

“பொழச்சிடுவாருல்ல?”

“விக்கலோட வந்திருந்தா தைரியமாச் சொல்லியிருப்பேன். இப்ப இழுப்பு வரைக்கும் வந்தாச்சு. சில பேர் திரும்பி வர்றதில்லம்மா. அதான் ஒரு நிமிஷமும் வீணாக்க முடியாது.”

தங்கமணி அழவில்லை. அழுவதற்குக் கூட அவளுக்குத் தகுதி இல்லை என்பதுபோல் நின்றாள். சுவரோரம் நின்ற குந்தவையின் பக்கம் அவள் கண் போகவில்லை.

டயாலிசிஸ் அறையில் ஆறு மெஷின். ஐந்து ஓடிக்கொண்டிருந்தன. ஆறாவது கட்டிலில் அப்போதுதான் ஒருவர் ஏறிப் படுத்திருந்தார். கையில் ஊசி இன்னும் ஏறவில்லை. பஞ்சநதம் என்று தலைமாட்டு அட்டையில் எழுதியிருந்தது. அறுபது வயதிருக்கும். கால் இரண்டும் தண்ணீர் கோத்து உலக்கை மாதிரி வீங்கியிருந்தன. மூன்று நாள் நீர் நெஞ்சு வரைக்கும் ஏறி, மூச்சு புஸ்புஸ்ஸென்று வாங்கிற்று.

நர்ஸ் பேச ஆரம்பிப்பதற்குள் தங்கமணி அவர் காலடியில் போய் நின்றாள்.

“ஐயா, உங்க எடத்த எங்க வீட்டுக்காரருக்குக் குடுங்க. உங்க கால்ல விழறேன்.”

“எனக்கே மூச்சு முட்டுதும்மா,” என்றார் பஞ்சநதம். பொய் இல்லை. பார்த்தாலே தெரிந்தது.

“தெரியுதுங்க. உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதுங்களா? நானும் ரெண்டு வருஷமா இதே ரூம்புலதான் கெடக்கேன். ஆனா அவருக்குப் பேச்சே நின்னு போச்சு. நான்தான் விஷத்தக் குடுத்தேன். தெரியாமக் குடுத்தேன். நீங்க ஒத்துக்கலைன்னா நான் அவரக் கொன்னவளாயிடுவேன்.”

மெஷின்கள் மட்டும் கிர்ரென்று சுற்றின. பஞ்சநதம் கண்ணை மூடி இரண்டு மூச்சு இழுத்தார். பிறகு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“சாயங்காலம் வரைக்கும் தாங்குவேனா டாக்டரம்மா?”

“ஆக்ஸிஜன் வச்சு நான் பாத்துக்கறேன்,” என்றார் அனீஸா.

“அப்ப எறக்கி விடுங்க. ஆனா ஒண்ணு. எவனும் என் கண்ணுல தண்ணி பாட்டில காட்டக் கூடாது.”

பதினொன்றேகாலுக்கு வைத்தியலிங்கத்தின் ரத்தம் குழாயில் ஏறி மெஷினுக்குள் போயிற்று.

வராந்தா பெஞ்சில் தங்கமணி ஒரு முனையில் உட்கார்ந்தாள். குந்தவை மறுமுனையில் உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. காதர் மைதீன் இரண்டு டீ வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனான். இரண்டும் ஆறி ஆடை படிந்தன.

ஒரு மணிக்குக் குந்தவைதான் வாயைத் திறந்தாள்.

“ரெண்டு பேரீச்சம்பழத்துக்கு என்ன பேச்சுப் பேசினீங்க அண்ணி.”

தங்கமணி தலையை நிமிர்த்தவில்லை. “இப்ப நீ பேசு. எல்லாத்தையும் பேசு. நான் கேட்டுக்கறேன்.”

“பேசணும்னுதான் காலையிலேருந்து சேத்து வச்சேன். வர மாட்டேங்குது.” குந்தவை மூக்கைச் சிந்தினாள். “எதுக்கு அண்ணி அதக் குடுத்தீங்க? ஒரு திராட்சப் பழத்துக்கே கதவச் சாத்துற ஆளு நீங்க.”

எதற்குக் கொடுத்தாள்? தங்கமணி காலையிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருப்பதும் அதுதான்.

“சனிக்கெழமை காலையில கொல்லையில நாக்காலி போட்டு உக்காந்திருந்தாரு,” என்றாள். “அந்த மரம் இந்த வருஷந்தான் காச்சிருக்கு. பழம் பொத்துப் பொத்துன்னு விழுது. ஒவ்வொண்ணா விழறதப் பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒரு வார்த்த கேக்கல. ரெண்டு வருஷமா அவரு எதையுமே கேக்கறதில்ல குந்தவை. மொதல்லயாவது ஒரு சுளை குடேன்னு கெஞ்சுவாரு, கோச்சுக்குவாரு. அப்புறம் அதுவும் நின்னு போச்சு. அன்னைக்கு எனக்குத் தாங்கல. பட்டியல எடுத்துப் பாத்தேன், இல்ல. போன்ல தட்டினேன், நல்லதுன்னு வந்துச்சு. சாமியே கண்ணத் தெறந்துட்டாருன்னு நெனச்சேன். ஓரத்தச் சீவி, வெதைய எடுத்து, வடிகட்டி, மொதல்ல நான் ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன். கரும்புச் சாறு மாதிரி இனிச்சுது. எனக்கு ஒண்ணும் ஆகல.”

குந்தவை நகர்ந்து வரவில்லை. ஆனால் ஆறிப்போன டீயை எடுத்து, மேலே படிந்த ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு, அண்ணியின் கையருகே தள்ளி வைத்தாள்.

இரண்டு மணிக்கு ஒரு தரம் இழுப்பு வந்து, நர்ஸுகள் ஓடினார்கள். கதவை மூடிவிட்டார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் தங்கமணி நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றாள். எந்தச் சாமியை வேண்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வேண்டிக்கொண்டால் எந்த முகத்தோடு வேண்டுவது என்றும் தெரியவில்லை. மூன்று மணிக்கு டாக்டர் அனீஸா வெளியே வந்து, “எட்டு மணி நேரமாவது ஓட்டணும்,” என்று மட்டும் சொன்னார். முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை.

நாலரைக்கு விக்கலின் இடைவெளி கூடியது. தங்கமணி உள்ளே நின்று எண்ணினாள். முதலில் பத்து மூச்சு. பிறகு இருபது. ஒரு தரம் நாற்பது வரை எண்ணினாள். நாற்பத்தொன்றில் மறுபடி வந்து அவள் ஈரக்குலையைப் பிடுங்கியது. ஐந்து மணி தாண்டியதும் எண்ணுவதற்கு ஒன்றும் வரவில்லை. விக்கல் நின்றதா, மூச்சே நின்றதா என்று அவள் பதறிப்போய் மூக்கடியில் கை வைத்தாள். சூடாகக் காற்று வந்தது.

வைத்தியலிங்கம் கண்ணைத் திறந்தார். இந்தத் தடவை அந்தக் கண் அலைந்து, தேடி, அவள் முகத்தில் வந்து நின்றது.

“தங்கம்,” என்றார். நாக்கு தடித்து வார்த்தை குழறிற்று. 

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் வந்து நின்ற டாக்டர் அனீஸா குனிந்தார்.

“ஐயா, நான் பேசறது புரியுதா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த ஜூஸோட விஷம் எவ்வளவு நேரம் உடம்புல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். விக்கல் ஞாயித்துக்கெழமை மத்தியானம்தான ஆரம்பிச்சுது?”

அவர் தலையை மெல்ல ஆட்டினார். இல்லை என்று.

“அப்ப எப்ப?” என்று கேட்டது தங்கமணி. “எனக்குத் தெரியாமயா? எப்பங்க?”

வைத்தியலிங்கம் டாக்டரைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தார்.

“சனிக்கெழமையே வந்துச்சு தங்கம், அந்த மொத டம்ளர் குடிச்ச கொஞ்ச நேரத்துல... ரெண்டு வருஷம் கழிச்சு நீயா ‘குடிங்க’ன்னு நீட்டினே, சொன்னா நிறுத்திடுவியேன்னு வாய்க்கா வரப்புல போயி உக்காந்து அடக்கிட்டு வந்தேன்.”